கிரைண்டருக்கு நாலு ஸ்க்ரூ

சனிக்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்குக் கிரைண்டர் மக்கர் பண்ணியது. மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, டிரம் மட்டும் சுற்றவில்லை. பாதி அரைபட்ட உளுந்து கல்லுக்கு அடியில் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. சைக்கிள் டியூப்பைக் கொளுத்தினால் ஒரு வாடை வருமே, அது வீடு முழுக்க.

நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். எல்லாம் மத்தியானமே ஊறப்போட்டது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை அரைக்கிற மாவு புதன் வரைக்கும் ஓட வேண்டும். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் புளித்ததைப் பணியாரம். இந்த வரிசை அறுந்தால் காலையில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு மூளையே ஓடாது. பெரியவளுக்கு அஞ்சு வயசு, யுகேஜி. சின்னவனுக்கு இரண்டரை. உப்புமாவைப் பார்த்தால் பெரியவள் அழுவாள். அவள் அழுவதைப் பார்த்துச் சின்னவன் அழுவான். இத்தனைக்கும் அவனுக்கு உப்புமா பிடிக்கும்.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனையில் மிக்சி, கிரைண்டர் பார்க்கிற கடை ஒன்று உண்டு. போன் அடித்தேன். "மழை சீசன்ம்மா, மோட்டார் வேலை குமிஞ்சு கெடக்கு. கொண்டாந்து வச்சிட்டுப் போங்க, பத்து நாள்ல தாரேன்" என்றார் அந்த அண்ணன். பத்து நாள் என்றால் இரண்டரைத் தடவை மாவு. சரி, நாமே கழற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

இதில் எனக்கு ஒரு தைரியம் உண்டு. அப்பா திருமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பத்து வயதில் பஞ்சர் ஒட்டுவேன், பால்ரஸ் குண்டுகளை கிரீஸ் தடவி அடுக்குவேன். எந்தச் சாமானாக இருந்தாலும் கழற்றுவதற்கு முன்னால் காதையும் மூக்கையும் வைத்துப் பார் என்பார். கிரைண்டருக்கும் அது பொருந்தும். சுவிட்ச் போட்டால் மூச்சே இல்லை என்றால் ஒயர், பிளக், சுவிட்ச் என்று பார்க்க வேண்டும். சில கிரைண்டர்களில் சுமை கூடினால் தானே துண்டித்துக்கொள்கிற சிவப்புப் பொத்தான் அடியில் இருக்கும், அதையும் ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கலாம். 'உம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்று, கையால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கினால் பெரும்பாலும் கண்டென்சர். மோட்டார் சந்தோஷமாக ஓடி, டிரம் சும்மா நின்று, ரப்பர் வாடையும் வந்தால் பெல்ட்டுதான். வேறு ஜாதகம் பார்க்கத் தேவையில்லை.

அன்று ராத்திரி அரிசியை மிக்சியில் போட்டு அரைத்தேன். ஐஸ் தண்ணீர் விட்டுத்தான் அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு சூடேறிவிடும். மூன்று ஈடு போட்டதும் மிக்சியும் கொதித்தது. அதையும் இழக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, மிச்ச அரிசியைத் தண்ணீர் வடித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பாதி அரைபட்ட உளுந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவடை ஆனது. ஓட்டை சரியாக விழவில்லை. சின்னவன் அதை விரலில் மோதிரம் போல மாட்டிப் பார்த்துவிட்டு, நுழையவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

முதல் முயற்சி, ஞாயிறு காலை பத்து மணி. பிளக்கைப் பிடுங்கினேன். கல்லை எடுத்தேன், டிரம்மைத் தூக்கிக் கழுவினேன். அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் போட ஒரு பழைய நைட்டியை விரித்தேன். திருப்புளியைக் கையில் எடுத்த நொடியில் பாத்ரூமிலிருந்து, "அம்மாஆஆ, முடிஞ்சிருச்சூஊ." போய்க் கழுவிவிட்டு வந்தேன். நைட்டியின் மேல் சின்னவன் படுத்திருந்தான், வயிற்றில் கிரைண்டர் கல்லை வைத்துக்கொண்டு. கல்லை வாங்கி மேலே வைத்தேன். "பாலு" என்றான். பால் காய்ச்சிக் கொடுத்தேன். கீழ்வீட்டு அக்கா ஒரு கிண்ணம் இட்லி மாவு கொண்டுவந்து கொடுத்தார். அவரை உட்காரச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசாமல் அனுப்ப முடியுமா? மணி பதினொன்றரை. உலை வைக்க வேண்டும். முதல் முயற்சியில் கழன்ற ஸ்க்ரூ எண்ணிக்கை பூஜ்யம்.

இவர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிறுதான் அங்கே கூட்டம், அவருக்கு லீவு செவ்வாய். மத்தியானம் போனில் கேட்டார்: "யூடியூப்ல வீடியோ இருக்குமே, பாத்தியா?" வீடியோவில் அந்த ஆள் பன்னிரண்டு நிமிஷத்தில் மாட்டிவிடுகிறார். அவர் வீட்டில் யாரும் பாத்ரூமிலிருந்து கூப்பிடவில்லை.

இரண்டாம் முயற்சி, ஞாயிறு மத்தியானம் இரண்டேகால். சின்னவன் தூங்கிவிட்டான். பெரியவள் மத்தியானத் தூக்கத்தை நாலு வயதோடு விட்டுவிட்டாள், அதனால் அவள் அசிஸ்டென்ட். என் போனில் டார்ச் அடிப்பது அவள் வேலை. கிரைண்டருக்கு அடிக்கச் சொன்னால் என் மூஞ்சிக்கு அடிப்பாள்.

அடித்தட்டில் நாலு ரப்பர் கால், ஒவ்வொரு காலுக்குள்ளேயும் ஒரு ஸ்க்ரூ. நாலும் துரு ஏறியிருந்தது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அஞ்சு நிமிஷம் விட்டால் மசிந்துவிடும். மசிந்தது. நாலையும் கழற்றி எதில் வைப்பது என்று பார்த்தேன். அப்பாவாக இருந்தால் ஒரு தட்டில் சாக்பீஸால் படம் போட்டு, எந்த ஸ்க்ரூ எந்த மூலை என்று அந்தந்த இடத்தில் வைத்திருப்பார். எனக்குக் கைக்கு எட்டியது பாலாடை. சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டியது. இப்போது அலமாரியில் சும்மா கிடக்கிறது. நாலு ஸ்க்ரூவுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதில் போட்டுத் தரையில் வைத்தேன். இந்த ஒரு காரியத்துக்காக என்னை நானே இன்னும் வைதுகொண்டிருக்கிறேன்.

அடித்தட்டைத் தூக்கினேன். உள்ளே பார்த்தவுடன் எனக்குப் பேச்சு வரவில்லை.

போன பள்ளி லீவில் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். 2023-இல் திறந்தார்களே, அது. எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஆதன், உதிரன் என்று பேர் கீறின பானை ஓடெல்லாம் பெரியவளுக்கு ஏறவில்லை. பகடைக்காயும் வட்டச்சில்லும் பார்த்ததும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "அந்தப் பிள்ளைக தொலைச்சதையா இப்ப எடுத்து வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நினைப்புத்தான் எனக்கு வந்தது. கிரைண்டர் அடியில் அடுக்கடுக்காகச் சாமான். மேலடுக்கில் பொரி, பொட்டுக்கடலை. அதற்குக் கீழே சிவப்பு கிரேயான் பாதி, என் ஹேர்பின், அஞ்சு ரூபாய்க் காசு ஒன்று, ஒட்டாத ஸ்டிக்கர் பொட்டு, கல்லாகிப்போன சப்பாத்தித் துண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், மோட்டாரின் சின்னப் புல்லியில், பூ கட்டுகிற வாழைநார் கயிறாகத் திரிந்து நூல்கண்டு கனத்துக்குச் சுற்றியிருந்தது. காய்ந்து கறுத்த மல்லி மொட்டு இரண்டு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெல்ட் அந்த நார்மேல் ஏறி, பக்கவாட்டில் தேய்ந்து, ஒரு ஓரம் பிய்ந்து தும்பு தும்பாகத் தொங்கியது.

"யாரு இதுக்குள்ள பூவப் போட்டது?"

அசிஸ்டென்ட் டார்ச்சை அணைத்தாள்.

மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஆயுத பூஜை அன்று கிரைண்டருக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, பூ வைத்தது நான்தான். பக்கத்தில் பொரிகடலையும் படைத்தேன். பிள்ளைக்கு அது ஒருநாள் பூஜை என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும், என் தலையிலிருந்து எடுத்துப்போடுகிற வாடின பூவைக் கிரைண்டருக்குச் சாத்தியிருக்கிறாள். மேலே வைத்தால் நான் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுகிறேனாம். அதனால் பின்பக்கம் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கிற நீள ஓட்டை வழியாக உள்ளேயே தள்ளிவிட்டாள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம் என்று பெருமை பேசுகிறோம், அதைக் கட்டுகிற நாரின் உறுதிக்கும் ஒன்று வாங்கலாம். முந்நூறு கிராம் உளுந்தைக் கடைகிற டிரம்மையே நிறுத்திவிட்டதே.

"கிரேயான்?"

"அது தம்பி."

"சப்பாத்தி?"

"அதுவும் தம்பி." கொஞ்சம் யோசித்து, "அஞ்சு ரூவா நான்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். காலிங் பெல் அடித்தது. கொரியர். எங்களுக்கு இல்லை, கீழ்வீட்டுக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், பெல் சத்தத்தில் எழுந்த சின்னவன் கிரைண்டர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பாலாடையை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, தலையை அண்ணாந்து, அதன் மூக்கை வாயில் வைத்துச் சரித்துக்கொண்டிருந்தான்.

நான் போட்ட சத்தத்தில் பாலாடை பறந்தது. ஸ்க்ரூ தரையில் உருண்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது இல்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன், திறந்தான். உள்ளே இல்லை. "முழுங்கினியாடா தம்பி?" என்றேன். "ஆமா" என்றான். "முழுங்கலையா?" "ஆமா." அவனுக்கு அந்த வாரம் எல்லாவற்றுக்கும் ஆமாதான். நைட்டியை உதறினேன். அடுப்படி முழுக்கக் கூட்டினேன். சிலிண்டரை நகர்த்தினேன். கிரைண்டர் அடிப்பாகத்தைக் குலுக்கினேன். கீழ்வீட்டு அக்கா சத்தம் கேட்டு மேலே வந்து, விஷயம் தெரிந்ததும் இறங்கிப்போய் இரண்டு வாழைப்பழத்தோடு வந்தார். "இத முழுசா முழுங்க வையி, வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

பிள்ளைகள் டாக்டருக்குப் போன் அடித்தேன். நல்லவேளை எடுத்தார். மூச்சுத் திணறுகிறதா, இருமுகிறானா, எச்சில் ஒழுகுகிறதா, வாந்தி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை, வாழைப்பழத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறான் என்றேன். "எதுவும் கொடுக்காதீங்க. விரலை விட்டு எடுக்கவும் பாக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்கவும் வேணாம். ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். அக்கா வாழைப்பழத்தைப் பெரியவளுக்குக் கொடுத்தார். அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், அவன் கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டபிறகுதான் மூச்சுக்குழாயில் ஒன்றும் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆட்டோ பிடித்துப் போனோம். எக்ஸ்ரே அறையில் உலோகம் ஏதும் இருந்தால் கழற்றச் சொன்னார் படம் எடுக்கிற தம்பி. வெள்ளிக் கொலுசைக் கழற்றினேன். அரைஞாண் கயிற்றில் கை வைத்ததும் சின்னவன் படுத்துப் புரண்டுவிட்டான். முடிச்சு வேறு இறுகியிருந்தது. சரி விடுங்க, இப்படியே எடுப்போம் என்று, நான் காலைப் பிடிக்க அக்கா கையைப் பிடிக்க, நெஞ்சிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே படமாக எடுத்தார்கள்.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். விலா எலும்பெல்லாம் தெரிந்தது, என் பிள்ளைக்கு இத்தனை எலும்பா என்று இருந்தது. அடிவயிற்றில், கொஞ்சம் சாய்வாக, பளிச்சென்று வெள்ளையாக ஒரு குச்சி. ஸ்க்ரூ நீளம். ஸ்க்ரூ கனம். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அங்கேயே இவருக்குப் போன் போட்டு, "வயித்துல இருக்குங்க" என்று அழுதேன். அவர் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டுச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். சின்னவனைப் பார்த்தார். அவன் டவுசரை இரண்டு விரலால் கீழே இறக்கினார். அரைஞாண் கயிற்றில் அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதியில் மந்திரித்துக் கட்டிய வெள்ளித் தாயத்து.

"இதுதாம்மா அது" என்றார்.

இரும்போ வெள்ளியோ, எக்ஸ்ரேயில் இப்படிப் பளிச்சென்று தெரிந்துவிடுமாம், மறைந்திருக்க வழியில்லை. தாயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை, வயிறு சுத்தம். கிளம்பும்போது அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன், தெரிந்திருக்க வேண்டியது. மழுங்கலான சின்னச் சாமான் வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். கூரானது, நீளமானது என்றால் டாக்டர் பார்த்தே தீர வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் பட்டன் பேட்டரி. ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கிற அந்த வட்ட பேட்டரி உணவுக்குழாயில் நின்றால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும், அதற்கு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒன்றுக்கு மேல் காந்த உருண்டை முழுங்கினாலும் அப்படித்தான், குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பாட்டுப் பாடும் வாத்துக்கு பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வாத்துக்கெல்லாம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, யூனிஃபார்ம் மாட்டி, ஷூ போட்டு முடித்தபிறகு மழை லீவு என்று தகவல் வந்தது. ஆக, பெல்ட் வாங்க இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை, குடை ஒன்றுதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் நடந்தால் சந்துக்குள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன.

பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பெயரைச் சொல்லி வாங்கினால் அரை இஞ்சு முன்னே பின்னே வந்து நிற்கும். பெல்ட்டின் முதுகில் நம்பர் அடித்திருக்கும், என்னுடையதில் தேய்ந்துபோயிருந்தது. கடைக்காரப் பெரியவர் அதை வாங்கி, புதியதோடு சேர்த்து இரண்டு கட்டைவிரலிலும் மாட்டி இழுத்துப் பார்த்தார். பழையது நைந்து நீண்டிருக்கும், அதனால் புதியது ஒரு நூல் சின்னதாகத் தெரிந்தால்தான் சரி என்றார். நூற்று இருபது ரூபாய். ஸ்க்ரூ ஒன்றும் கேட்டேன். "ஒண்ணு மட்டுமா?" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, டப்பாவுக்குள் துழாவி ஒன்று கொடுத்தார், இரண்டு ரூபாய். என் மூன்றும் மைனஸ் தலை, இது ஸ்டார் தலை. மரை ஒன்றுதான், ஏறும் என்றார். வழியில் பருத்திப்பால் வண்டியைப் பார்த்து இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். மழைக்குச் சுக்கும் கருப்பட்டியுமாக மூன்று டம்ளர் உள்ளே போனது. பெரியவள் பழைய பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்ததில் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கோடு. இன்னும் போகவில்லை. சோடா உப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று.

மூன்றாம் முயற்சி, செவ்வாய்க்கிழமை. இவருக்கு லீவு. "ரெண்டு பேரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்க, அரை மணி நேரம் இறங்கக் கூடாது" என்றேன். வேலை என்று பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம்தான்.

முதலில் நாரை அறுக்க வேண்டும். பழைய பிளேடால் புல்லியின் பள்ளத்தோடு ஒட்டி, புல்லியில் கீறல் விழாமல் ஒரே இடத்தில் கீறினேன், அப்புறம் உரித்தால் சுருளாக வந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தூசியையும் மாவுப் பொருக்கையும் தட்டினேன். கண்டென்சர் பக்கம் கை கொண்டுபோகவில்லை. பிளக்கைப் பிடுங்கினபிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் தொடக்கூடாது. மோட்டாரைப் பிடித்திருக்கிற நாலு போல்ட்டையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முழுக்கக் கழற்றாமல் கொஞ்சம் இளக்கினால் போதும், அது நீள ஓட்டையில் முன்னும் பின்னும் நகரும். மோட்டாரை உள்பக்கம் தள்ளிக்கொண்டு, பெல்ட்டை முதலில் சின்னப் புல்லியில் மாட்டினேன். அப்புறம் பெரிய புல்லியில் பாதி ஏற்றி, கையால் சுற்றச் சுற்ற மீதி தானாக ஏறிக்கொண்டது. சைக்கிளுக்குக் கழன்ற செயினை மாட்டுகிறோமே, அதே வித்தை. திருப்புளியால் நெம்பி ஏற்றினால் புது பெல்ட்டின் ஓரம் பிய்ந்துவிடும். பிறகு மோட்டாரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக முறுக்கினேன். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் பெல்ட் அரை இஞ்சு இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் பேரிங் தேயும், நிறைய இறங்கினால் மறுபடி வழுக்கும்.

கல் இல்லாமல் வெறும் டிரம்மை வைத்து பத்து நொடி ஓட்டினேன். சுற்றியது. கறுப்புத் தூள் கொஞ்சம் வந்தது, புது பெல்ட்டுக்கு அது வாடிக்கைதான். கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிஷம். அதுவும் சரி.

இந்தச் சத்தம் மொட்டை மாடிக்குக் கேட்டுவிட்டது. மூன்று பேரும் தடதடவென்று இறங்கி வந்தார்கள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. காற்றோட்ட ஓட்டையை டேப் போட்டு அடைக்கலாமா என்று இவர் கேட்டார். அடைத்தால் மோட்டார் வெந்துவிடும். ஜன்னலுக்குப் போட்டு மிஞ்சிய கொசுவலைத் துண்டை ஓட்டையின் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் மட்டும் ஒட்டினேன். காற்று போகும், பூ போகாது. பெரியவள் விரலை வைத்துப் பார்த்தாள். முகம் வாடியது. அடுப்படிச் சுவரில் கிரைண்டருக்கு மேலே ஒரு ஆணி அடித்து, இனிமேல் சாமிக்கு இங்கே மாட்டு என்றேன். ஒத்துக்கொண்டாள்.

"நான் வேண்டிக்கிட்டேன்ல, அதான் சரியாயிருச்சு" என்றாள் அப்புறம்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"கிரைண்டருக்கு ஒடம்பு சரியாகணும்னு. உண்டியல்ல போட்டேன்."

"என்னத்தப் போட்ட?"

"அதோட ஸ்க்ரூ."

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து மதுரைக்கு வரும்போது, கூடவே வண்டியில் உண்டியல்கள் வரிசையாக வருமே, அதைப் பார்த்து அடம்பிடித்து வாங்கிய மண் உண்டியல் அலமாரியின் மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் கதவைத் திறக்கப் போன அந்த இடைவெளியில், தம்பி எழுந்து வருவதற்கு முன்னாலேயே, பாலாடையிலிருந்து ஒன்றை எடுத்துக் காணிக்கை செலுத்திவிட்டாள். எக்ஸ்ரே எடுக்கையில் அவளும் கூடத்தான் நின்றாள். நான் அழும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

"நீ தம்பியத்தானம்மா கேட்ட."

இவர் திரும்பிக்கொண்டு சிரித்தார், முதுகு குலுங்கியதிலேயே தெரிந்தது. எக்ஸ்ரே, ஆட்டோ, டாக்டர் எல்லாமாக ஆன கணக்கை நான் சொல்லிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

உண்டியலை உடைத்தால் அவள் ஊரைக் கூட்டிவிடுவாள். கவிழ்த்துப் பிடித்து, ஓட்டையில் கத்தியைச் செருகி, கத்தியின் மேல் சறுக்கி வருகிற மாதிரி ஆட்டினேன். இதுவும் திருமங்கலத்தில் கற்ற வித்தைதான், அப்பாவுக்குத் தெரியாது. ஒரு ரூபாய் இரண்டு வந்தது. கேரம் காயினின் உடைந்த சில்லு ஒன்று வந்தது. அப்புறம் 'டிக்' என்று சின்னதாக ஒன்று தரையில் விழுந்து உருண்டது. ஸ்க்ரூ என்றுதான் குனிந்தேன். என் வலது தோட்டின் திருகாணி. ஆடி மாதம் தொலைந்தது. அதற்காகப் படுக்கையைப் பிரித்து, பாத்ரூம் ஜாலியைக் கழற்றி, குப்பைக் கவரைக் கொட்டிக் கிளறி, நாலு மாதமாக அந்தக் காதில் வேப்பங்குச்சி போட்டுக்கொண்டு திரிகிறேன்.

"இது எதுக்குடி போட்ட?"

பெரியவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்ப உனக்குக் காய்ச்சல்" என்றாள்.

ஸ்க்ரூ இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உண்டியலை ஆட்டினால் காசுக்கு நடுவில் அதன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். ஸ்டார் தலை ஸ்க்ரூவைப் போட்டு அடித்தட்டை மூடினேன். ஃபிரிட்ஜில் இருந்த அரிசியை மோந்து பார்த்தேன், பரவாயில்லை. உளுந்து புதிதாக ஊறப்போட்டு ராத்திரி அரைத்தேன். புதன்கிழமை காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கீழ்வீட்டு அக்காவின் கிண்ணத்தில் மாவு ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். வழியில் படிக்கட்டில் பெரியவளும் சின்னவனும் அதற்குள் எதையும் போடாமல் இருக்கிறார்களா என்று மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.